நமுனுகுலைச் சாரலிற் கண்ட பட்டுப்பூச்சி

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் மலைநாட்டுப் புகையிரதம் பட்டிப்பொலையில் உச்சியைத் தொட்டுவிட்டு ஊவாவை நோக்கி இறங்கத் தொடங்கியதும், பயணிகளின் கண்கள் சன்னலை விட்டு அகலா. அப்புத்தளையில் தென்திசைச் சமவெளி முழுவதும் காலடியிற் கிடக்கின்றது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரையிலோ பாதை மலையை ஒருமுறை வலம்வந்து, தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கமாகப் புகுந்து செல்கின்றது. 1924இல் பதுளையைத் தொட்ட இவ்விருப்புப்பாதை அதற்கப்பால் ஓரடியும் நீளவில்லை. ஆதலால், பதுளைக்கு வருபவர் பதுளைக்கென்றே வருபவர் எனலாம்.

அவ்வாறு வருவோர் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைக் காண்பர். முதியங்கனை விகாரையையும் கதிர்காமத் தேவாலயத்தையும் வணங்குவர். தேயிலைச் சரிவுகளிற் படம் பிடித்துக்கொண்டு மீள்வர். அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நாம் இங்கே எழுதப் புகுவது, பகலில் எவர் கண்ணுக்கும் தென்படாது, இரவில் விளக்கு வெளிச்சத்தில் மட்டும் தோன்றி மறையும் ஓர் உயிரைப் பற்றியாகும்.

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஒரு பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. கிழக்கே காவல் நிற்பது நமுனுகுலை மலை. ஒன்பது சிகரம் எனப் பொருள்படும் சிங்களப் பெயர் அது. உயரம் இரண்டாயிரம் மீற்றருக்கும் மேல். ஆடி ஆவணி மாதங்களில் இம்மலைகளுக்கு மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். மேற்குச் சரிவுகளிலே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு வரும் வறண்ட காற்று. அது பட்டுத் தேயிலைக் கொழுந்து சுருண்டு வாடும். அவ்வாட்டமே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைத் தருவது. ஐப்பசி பிறந்தால் காட்சி மாறிவிடும். வடகீழ்ப் பருவமழை வந்து, பள்ளத்தாக்கு முழுவதும் ஈரம் ஊறிப் பச்சை பிடிக்கும். மண்ணுள்ளும் மரத்தினும் உறங்கிக் கிடந்த பூச்சிகளெல்லாம் சிறகு முளைத்துக் கிளம்பும் காலமும் அதுவே.

அத்தகைய ஓர் ஐப்பசியில், தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், பழைய மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று, ஸ்பிரிங்வெளி செல்லும் வீதியில் நமுனுகுலைச் சாரலிலுள்ள ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தோம். எம்முடன் உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் ஐவர் வந்திருந்தனர். பகலெல்லாம் விட்டுவிட்டு மழை. கவ்வாத்து வெட்டிய மலையொன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அட்டைக்கடி ஆளுக்கு நான்கைந்தாகப் பெற்றுக்கொண்டு, பொழுது சாயும்வேளை லயத்துக்குத் திரும்பினோம். இரவு உணவு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, பிள்ளைக் காம்பரா இருக்கும் பக்கத்திலிருந்து சிறுவன் ஒருவன் ஓடி வந்தான்.

“சேர், இங்க வந்து பாருங்க! செவத்துல என்னமோ பெருசா ஒட்டிக்கிட்டு இருக்கு!”

பிள்ளைக் காம்பராவின் வாசலில் ஒரு வெண்ணிற மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன்கீழ்ச் சுண்ணாம்புச் சுவரில், விரித்த விசிறி போல், அது இருந்தது. ஒரு சாண் அகலம் குறையாது. செங்கல்லும் மஞ்சளும் காப்பித்தூளும் கலந்தாற்போன்ற நிறம். நான்கு சிறகிலும் ஒவ்வொரு முக்கோணச் சாளரம். செதிள் இல்லாத அவ்விடங்களினூடே சுவரின் வெண்மை தெரிந்தது. மேற்சிறகுகளின் நுனி நீண்டு வளைந்து, அதில் ஒரு கரும்புள்ளி கண்போல் அமைந்து, பக்கவாட்டிற் பார்க்கும்போது நாகத்தின் தலையே ஒத்திருந்தது. சீனத்தின் கன்ரன் மொழி பேசுவோர் இதன் இனத்தைப் ‘பாம்புத்தலைப் பூச்சி’ என்றே அழைக்கின்றனர். அதைக் கேள்விப்படாத எம் மாணவன் ஒருவனும் “பாம்பு!” என்றே கூவிப் பின்வாங்கினான்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவன் விளக்குமாற்றை எடுத்து வந்தான். அப்போது காம்பராத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து அவன் கையைப் பற்றினார்.

“அடிக்காதடா தம்பி. பெரியவங்க யாரோ நம்மளப் பாக்க வந்திருக்காங்க. விடிஞ்சா தானாப் போயிருவாங்க.”

“சும்மா இருங்க அப்பாயி” என்றான் இளைஞன். அவன் எண்ணம் வேறாயிருந்தது. இத்தகைய பூச்சிகளை ஊசி குத்திக் காயவைத்துக் கொடுத்தால் வெளிநாட்டார் நல்ல விலை தருவார்களென்று நகரத்தில் எவரோ அவனுக்குச் சொல்லியிருந்தார். அரிய பூச்சியென்றால் விலையும் கூடுமாம். இதற்குள் எம் மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து, அதனிடமே பெயரும் கேட்டுவிட்டான்.

“ஆபிரிக்கப் பட்டுப்பூச்சியாம் சேர். எபிபோரா என்று போட்டிருக்கு.”

ஆபிரிக்கா என்ற சொல் காதில் விழுந்ததும் இளைஞனின் கண்கள் விரிந்தன. பெயரொன்று பிழைபட்டால் ஓர் உயிருக்கு என்ன நேரும் என்பதை அக்கணத்திற் கண்டோம். ஆபிரிக்காவிலிருந்து வழிதவறி வந்த பூச்சியாயின் அதற்கு இங்கே உறவுமில்லை, உரிமையுமில்லை. பிடித்து விற்றால் எவருக்கும் நட்டமில்லை. இம்மண்ணின் பூச்சியாயின் வழக்கே வேறு. ஆகவே, ஒருவரும் தொடாதிருக்கும்படி கேட்டுக்கொண்டு, சுவரருகே ஒரு முக்காலியை இட்டு அமர்ந்தோம்.

கைத்தொலைபேசி கூறிய விடை முற்றும் பிதற்றலன்று. பட்டுநூற்கும் பெரும் அந்துகளின் குடும்பத்தில், சிறகிற் சாளரம் உடையவை ஒரு கிளையாக உள்ளன. அக்கிளையின் ஆசிய உறுப்பினர் அற்றாக்கஸ். ஆபிரிக்க உறுப்பினர் எபிபோரா. அமெரிக்கக் கண்டத்துக்கு ரொத்சைல்டியா. பெரியப்பா மக்களும் சித்தப்பா மக்களும் போல முகச்சாயல் ஒன்றே. ஆயினும் எபிபோரா உருவிற் சிறியது. பெரும்பாலும் நம் உள்ளங்கையளவில் அடங்கிவிடும். அதன் சிறகு நுனி இவ்வளவு நீண்டு வளைவதில்லை. அது இலந்தை மரத்தின் இலையை உண்டு ஆபிரிக்கப் புதர்க்காடுகளில் வாழ்வது. எமது சுவரில் இருந்ததோ அளவிலும் நாகமுகத்திலும் ஐயத்துக்கு இடமின்றி அற்றாக்கஸ். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் இயந்திரத்துக்கு, அந்தப் படம் நமுனுகுலையில் எடுக்கப்பட்டதா நைரோபியில் எடுக்கப்பட்டதா என்ற கேள்வி எழவில்லை போலும். இடத்தைக் கேளாமல் இனத்தைச் சொல்வது, கோத்திரம் கேளாமற் சங்கற்பம் சொல்வதை ஒக்கும்.

ஆபிரிக்கப் பட்டுப்பூச்சிகளைப் பற்றி மாணவர் மேலும் கேட்டனர். பட்டு என்றால் காஞ்சிபுரமும் சீனமுமே நம் நினைவுக்கு வரும். ஆபிரிக்காவுக்குத் தனியான பட்டு மரபு உண்டென்பது பலர் அறியாத செய்தி. நைஜீரியாவின் யொருபா மக்கள் மணவிழாவிலும் பிற பெருவிழாக்களிலும் அணியும் ‘சன்யான்’ என்னும் மங்கிய பழுப்புநிறத் துணி, அனாபே என்ற அந்தின் பட்டிலிருந்து நெய்யப்பட்டது. இப்புழுக்கள் நூற்றுக்கணக்கிற் கூடிப் பொதுவாக ஒரே பெரிய கூட்டைக் கட்டும். கூட்டுக்குடும்பம் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் இல்லை. இவற்றுள் ஓரினம் விரும்பி உண்ணும் இலை எது தெரியுமா? புளியிலை! ஹவுசா மொழியிற் புளியமரத்துக்கும் அப்பட்டுக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. நம் இரசத்திற் கரையும் புளியும் ஆபிரிக்காவையே தாயகமாகக் கொண்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மடகாஸ்கர்த் தீவிலோ, பொரோசேரா என்ற அந்தின் பட்டினால் நெய்த துணியை இறந்தோரின் உடலுக்குப் போர்த்துவர். தென்னாபிரிக்கப் பகுதிகளில் கொனொமெற்றா, நிலாப்பூச்சி ஆகியவற்றின் காய்ந்த கூடுகளுள் சிறு கற்களை இட்டுக் கோத்துக் கணுக்காலிற் கட்டி ஆடுவர். நமது சலங்கை வெண்கலம். அவர்களது சலங்கை பட்டு. வறட்சிக் காலத்தில் மாடுகள் இக்கூடுகளைத் தின்றுவிட, செரிக்காத பட்டு வயிற்றிற் பந்தாகத் திரண்டு அவை மாண்டுபோவதும் உண்டாம்.

மேலே குறித்த நிலாப்பூச்சிக்கும் நம் நாட்டில் ஓர் உறவு உண்டு. இளம்பச்சை நிறமும் நீண்ட வாலும் உடைய நமது நிலாப்பூச்சியை ஊவாவின் வீடுகளிற் கண்டோர் பலர் இருப்பர். ஆபிரிக்க நிலாப்பூச்சியின் படம் அதனோடு குழம்புவது இயல்பே. வாலைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: ஆபிரிக்கப் பூச்சியின் வால் மெல்லியதாக நெடுந்தூரம் நீண்டு நுனியில் அகலும், நம்முடையது அவ்வளவு நீளாது. 1999இல் இலங்கை நிலாப்பூச்சிக்கும் ‘தப்ரபானிஸ்’ என்ற பெயரே சூட்டப்பட்டது. அப்பெயரின் கதைக்கு இனி வருவோம்.

அற்றாக்கஸ் என்று துணிந்த பின்னரும் வினா தீரவில்லை. அற்றாக்கசில் எது? ஆசியாவின் பெரும்பகுதியிற் பரந்து வாழும் அற்லஸ் பூச்சிக்கு, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758இலேயே பெயரிட்டுவிட்டார். வானத்தைத் தோளிற் சுமந்த கிரேக்கப் பூதத்தின் பெயர் அது. இலங்கைப் பூச்சி அதுவேதானா, வேறா என்ற வினாவை எழுப்பியவர் பிரெட்ரிக் மூர். இலண்டனிலே கிழக்கிந்தியக் கம்பனியின் நூதனசாலையிற் பணியாற்றிய இவர், இலங்கை அரசாங்கத்தின் ஆதரவில், இத்தீவின் வண்ணத்திப் பூச்சிகளையும் அந்துகளையும் பற்றி மூன்று பெருந்தொகுதிகள் கொண்ட நூலை 1880 முதல் 1887 வரை வெளியிட்டார். 1882–83இல் வந்த இரண்டாம் தொகுதியில், நமது பூச்சி வேறினம் என்று கூறி, அதற்கு ‘அற்றாக்கஸ் தப்ரபானிஸ்’ எனப் பெயர் சூட்டினார். தப்ரபேன் என்பது பண்டைய கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பெயர். தாமிரபரணி என்ற சொல்லின் திரிபு அஃதென்பர். பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமையிலும் அதே பெயர் ஓடிக்கொண்டிருப்பது நாம் அறிந்ததே.

மூரின் நூலுக்கு உயிரூட்டியவை வண்ணச் சித்திரங்கள். அவற்றை வரைந்தோர் இலண்டன் ஓவியர் அல்லர். பேராதனைப் பூந்தோட்டத்திற் சித்திரக்காரராக விளங்கிய டி அல்விஸ் குடும்பத்தினர். தந்தை ஹர்மானிஸ் டி அல்விஸ் அத்தோட்டத்தின் செடிகொடிகளை வரைந்து புகழ்பெற்றவர். மைந்தர் வில்லியமும் ஜோர்ஜும் பூச்சிகளை வரைந்தனர். புழு, கூடு, சிறகுடைய பூச்சி ஆகிய பருவங்களை உயிரோடு வளர்த்துப் பார்த்து வரைந்த பெருமை அவர்களுடையது. பணியை மேற்பார்வையிட்டவர் தோட்டத்தின் பணிப்பாளர் துவைற்ஸ். பெயரிட்டவரின் பெயர் நூலின் முகப்பிலே நிற்கின்றது. வரைந்தோரின் பெயரைத் தேடிப் பார்ப்போர் சிலரே. எம் மாணவருக்கு இதனைச் சற்று அழுத்தியே சொன்னோம்.

மூருக்குப் பின்வந்த அறிஞர் பலர், இலங்கைப் பூச்சி தனியினம் அன்று, அற்லசின் ஒரு கிளைவகையே என்று கருதினர். ஏறக்குறைய நூறாண்டுக்காலம் அவ்வாறே எழுதப்பட்டு வந்தது. 1989இல் அமெரிக்க அறிஞர் பைக்லர் அற்றாக்கஸ் பேரினம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்தார். அந்துகளின் இனத்தைத் துணிவதற்குச் சிறகின் நிறம் போதாது. ஈரத்திலும் வெயிலிலும் நிறம் மாறும். ஆண்பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள நுண்ணுறுப்புகளை உருப்பெருக்கியின்கீழ் ஒப்புநோக்குவதே உறுதியான வழி. அவ்வழியிற் சென்ற பைக்லர், மூர் சொன்னதே சரியென முடிவு கட்டினார். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் தப்ரபானிஸ் தனியினமே. வடக்கேயும் கிழக்கேயும் உள்ள அற்லஸ் வேறு.

ஆக, நாம் பிள்ளைக் காம்பராச் சுவரிற் கண்டது ஆபிரிக்கப் பூச்சியன்று. சீனத்து அற்லசும் அன்று. பாக்குநீரிணையின் இருகரையிலும் மட்டும் வாழும் ஒன்று. இதைக் கேட்டதும் அத்தோட்டத்துத் தலைவர் ஒருவர் சிரித்துக்கொண்டு, “அப்படின்னா நம்ம ஆளுதான் சேர்” என்றார். அச்சிரிப்பினுள் இருந்த செய்தி மாணவர் அனைவருக்கும் விளங்கியிராது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றோர் ஆக்கிற்று. 1964இல் இரு பிரதமர்கள் கூடிக் கையொப்பமிட்ட உடன்படிக்கை, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கணக்கைத் தீர்க்க 1974வரை செல்ல வேண்டியதாயிற்று. இறுதியாக எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலே நிறைவேறியது. பூச்சிக்குச் சரியான பெயர் கிடைக்க நூறாண்டு சென்றதென்று வியந்த மாணவர்கள், மனிதருக்குச் சென்ற ஐம்பத்தைந்து ஆண்டையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கூறி அப்பேச்சை நிறுத்தினோம். அவரும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை; தேநீர் வந்துவிட்டது.

பெயரறிதல் என்பது படித்தவரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர்க்குப் பதுளை மாவட்டத்திலேயே ஒரு விடை உண்டு. நாம் இருந்த சாரலிலிருந்து அதிக தொலைவில்லாத மடுல்சீமைப் பகுதியில், 1869ஆம் ஆண்டு, காப்பித் தோட்டமொன்றின் இலைகளிற் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் காணப்பட்டன. அன்று இம்மலைகளெல்லாம் காப்பி மலைகள். பொட்டுக் கண்ட இலைகள் பேராதனைக்கு வந்தன. அதே துவைற்ஸ்தான் அவற்றை இங்கிலாந்திலிருந்த பூஞ்சண நிபுணர் பார்க்லிக்கு அனுப்பினார். பார்க்லி அதனை முன்னெப்போதும் அறியப்படாத ஒரு பூஞ்சணம் எனக் கண்டு, ‘ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். வஸ்தாத்ரிக்ஸ் என்றால் அழிப்பவள். பெயரிட்டபோது அழிவு சில இலைகளில் மட்டுமே இருந்தது. பெயரோ பின்னால் வந்ததை முன்கூட்டியே சொல்லிவிட்டது. 1880 முதல் 1882 வரை மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிஞர் இலங்கையிலே தங்கி ஆராய்ந்து, அந்நோயின் வித்துகள் காற்றிலே பரவுவதைத் தெளிவாக்கினார். மலைமலையாக ஒரே பயிரை நெருக்கி நட்டால் காற்றுக்கு வேலை எளிதாகிவிடும் என்பது அதனாற் பெறப்பட்டது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. காப்பி மடிந்தது, தேயிலை வந்தது. இன்று நாம் காணும் பதுளை, ஓர் இலைப்பொட்டின் விளைவாகப் பிறந்த பதுளை. ஆபிரிக்காவிலிருந்து நமது மலைக்கு மெய்யாகவே வந்து சேர்ந்த உயிர் எதுவென்று கேட்டால், காப்பிச் செடியைச் சொல்லலாம். அதனை யாரும் வழிதவறி வந்ததென்று சொல்வதில்லை.

பூச்சி இப்போதும் சுவரில் அசையாதிருந்தது. இளைஞன் மட்டும் மனம் ஆறவில்லை. இங்கேயே உள்ள பூச்சியானால் பிடிப்பதில் என்ன தவறு என்பது அவன் வினா. வினா நேர்மையானதே, வறுமை பேசும்போது அறம் பேசி அடக்கிவிடுதல் முறையன்று. ஆகவே, அவனுக்கு ஒரு வழக்கைச் சொன்னோம். 2020ஆம் ஆண்டு மே மாதம், ஊவாவின் தென்கோடிவரை பரந்துள்ள யால வனத்தில், இத்தாலி நாட்டார் இருவர் போத்தல்களில் நூற்றுக்கணக்கான பூச்சிகளுடன் பிடிபட்டனர். அவற்றுள் வண்ணத்திப் பூச்சிகள் மட்டும் 92 இனம். நான்காண்டுக்குப் பின், 2024இல், நீதிமன்றம் அவர்களுக்கு 6 கோடி ரூபா அபராதம் விதித்தது. வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1937 முதல் உள்ளது. வாங்க வருபவன் விமானமேறிப் போய்விடுவான். பிடித்துக் கொடுத்தவன் இங்கேயே இருப்பான் என்று தோட்டத் தலைவர் எமக்கு முந்திக்கொண்டு சொன்னார். இளைஞன் ஊசிப் பெட்டியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். முழுமனத்தோடு வைத்தானா என்பது அவனுக்கே வெளிச்சம்.

இப்பூச்சியின் வாழ்வை அறிந்தால் விற்பதற்கு அதிகம் இல்லையென்பதும் புலப்படும். சிறகு முளைத்த பருவத்தில் இதற்கு உண்ணும் வாய் கிடையாது. புழுவாயிருந்தபோது கறுவா, கொய்யா, அன்னமுன்னா போன்ற மரங்களின் இலைகளைத் தின்று சேர்த்த கொழுப்பே கைம்முதல். அது தீரும்வரை ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை. அதற்குள் துணைதேடி முட்டையிட்டு முடிக்க வேண்டும். பெண்பூச்சி ஓரிடத்தில் அமர்ந்து ஒரு மணத்தைக் காற்றில் விடும். ஆண்பூச்சி, இறகு போல் விரிந்த உணர்கொம்புகளால் அதனைத் தொலைவிலிருந்தே முகர்ந்து வந்துசேரும். எமது சுவரிலிருந்ததன் உணர்கொம்புகள் ஒடுங்கியவை, வயிறு பருத்தது. ஆகவே அது பெண் என்று துணிந்தோம்.

‘விளக்கில் வீழ்ந்த விட்டில்’ என்று ஆசையின் கேட்டுக்கு உவமை சொல்வது நம்மவர் வழக்கம். விட்டிலின்மேல் இப்பழி தகாது. 2024இல் வெளியான ஓர் ஆய்வு, பூச்சிகள் ஒளியை விரும்பிச் செல்லவில்லையென்று காட்டுகின்றது. இரவில் வானம் நிலத்தைவிடச் சற்று ஒளியுடையது. அவ்வொளியின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு பறப்பதால் மேல் எது, கீழ் எது என்பதைப் பூச்சி அறிகின்றது. மனிதர் ஏற்றிய விளக்கு அருகே வந்தால், அதன் பக்கம் முதுகைத் திருப்பித் திருப்பிச் சுழன்று, வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொள்கின்றது. விடியும்வரை விளக்கெரிந்தால், காலையிற் காகத்துக்கும் மைனாவுக்கும் அதுவே இரை. எத்தனையோ தோட்டங்களில் விளக்கின்கீழே பிய்ந்த சிறகுகளை நாம் கண்டிருக்கிறோம். மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கு எரிந்த காலத்தில் இவ்வளவு கேடு இருந்திராது. மின்சாரம் வேண்டாமென்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இருளிலே பிள்ளைகள் படித்த காலம் திரும்ப வேண்டியதுமில்லை. ஆயினும், எவரும் நடமாடாத நள்ளிரவில் வாசல் விளக்கு எரிவதனாற் பயன் யாது? பெரிய பூச்சியொன்று வந்து ஒட்டியிருந்தால் விளக்கை அணைத்துவிட்டால் போதும். “விடிஞ்சா தானாப் போயிருவாங்க” என்று அந்த மூதாட்டி சொன்னதில், விளக்கணைப்பது ஒன்றைத் தவிர மற்றெல்லாம் அடங்கியிருந்தது. அவரிடம் சொன்னோம், அவரே எழுந்துபோய் விசையைத் தட்டினார்.

சுவரில் அது விட்டுச்சென்றவை வைகறையிற் கண்ணிற்பட்டன. சுண்ணாம்பின்மேல் இறுகப் பற்றிக்கொண்டு, செம்பழுப்பு நிறமாக, கடுகினும் சற்றுப் பெரிய முட்டைகள் இருபதுக்கும் மேல். சுவரில் முட்டையிட்டுப் பயனில்லை. பொரித்துவரும் புழு இலையின்றி இறந்துபோகும். மாணவர்கள் மெல்லிய தகட்டினாற் சிலவற்றைச் சுரண்டி எடுத்து, துளையிட்ட பாண் பெட்டியொன்றில் இட்டுப் பதுளைக்குக் கொண்டுவந்தனர். எஞ்சியவற்றை எடுத்துத் தோட்டத்துக் கொய்யா மரத்தின் இலைகளில் ஒட்டிவைக்கும் பொறுப்பை, எவரும் கேளாமலே, அவ்விளைஞன் ஏற்றுக்கொண்டான்.

பதினோராம் நாள் காலையில் முதற்புழு வெளிவந்தது. உடனே முட்டையோட்டைத் தின்றது. பின்னரே கொய்யாத் தளிரை நாடிற்று. இதை எழுதும்வேளை பெட்டியில் ஒன்பது புழுக்கள் உள. வெண்ணிறப் பொடி பூசியாற்போன்ற பசிய உடலும், முதுகெங்கும் சதைப்பற்றான முனைகளுமாக வளர்கின்றன. கொட்டுமோ என்று அஞ்சியவர்கள் இப்போது கையிலேயே ஏற்றிக்கொள்கின்றனர், இவை கொட்டுவதில்லை. இன்னும் சில கிழமைகளில் ஓர் இலையை மடித்து, அதனுள்ளே பழுப்பு நிறக் கூட்டை நூற்று, இலை உதிர்ந்தாலும் தான் விழாதபடி காம்பையும் கொம்பையும் பட்டினாலே சுற்றிக் கட்டிக்கொள்ளும். அப்பொழுது அவற்றை மீண்டும் நமுனுகுலைச் சாரலுக்கு எடுத்துச் செல்வதென்று முடிவாகியுள்ளது. நாளொன்றுக்கு இரண்டு வேளை கொய்யாக் கொப்பு மாற்றவேண்டியிருப்பதால், பாடசாலைக்கு அயலிலுள்ள வீட்டுக்காரர் தம் மரம் மொட்டையாகின்றதென்று முறையிடத் தொடங்கியிருக்கிறார்.